மதுரையில் இரண்டு நாள்: எதை அங்கேயே சாப்பிடுவது, எதை எப்போது வாங்கிக் கட்டுவது

விடுமுறை வந்தால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தபடியே இருப்பார்கள். கோயிலையும் மஹாலையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடைவீதிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள், பை தூக்க ஆள் வேண்டுமே. இத்தனை வருடமாகத் தூக்கியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். என்ன வாங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது என்பதில்தான் தவறுகிறார்கள்.

வந்து இறங்கிய அன்றே அல்வா வாங்கிவிடுவார்கள். அது இரண்டு நாள் லாட்ஜ் அறைச் சூட்டில் கிடக்கும். கிளம்புகிற அவசரத்தில் வத்தலைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். நாள்பட நிற்கும் சரக்கை நிதானமாகப் பார்த்து முதலில் வாங்க வேண்டும். சீக்கிரம் கெடுவதை ரயிலேறும் முன் வாங்க வேண்டும். பயணமே தாங்காததை அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

1. திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எத்தனை மணிக்கு வண்டி, வீடு போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். பெங்களூருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். டெல்லி, மும்பை என்றால் கணக்கே வேறு. ஒரு ராத்திரி தாங்கும் பால்கோவா இரண்டு பகல் வெயிலைத் தாங்காது.

எங்கிருந்து ஏறப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். ரயில் நிலையம் மேல வெளி வீதியில், பழைய நகரத்தை ஒட்டியே இருக்கிறது. கடைசி நேரத்தில்கூட இனிப்பு வாங்கிக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறவர்கள் வைகையைத் தாண்டி நெரிசலில் போக வேண்டும். அவர்கள் கடைசி வாங்கலுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில்தான் தேர் வரும். அன்றைக்குத் தேர் பார்க்கப் போங்கள், மிளகாய் வத்தல் வாங்கப் போகாதீர்கள்.

2. வீட்டிலிருந்தே எடுத்துவர வேண்டியவை

கெட்டியான துணிப்பை இரண்டு. இறுக மூடும் எவர்சில்வர் டப்பா இரண்டு, ஒன்று இனிப்புக்கு, ஒன்று காரத்துக்கு. பழைய வேட்டித் துணி ஒன்று, கொஞ்சம் ரப்பர் பேண்ட், ஒரு பேனா.

டப்பா எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். கடைக்காரர் கொடுப்பது அட்டைப் பெட்டி. அட்டை நெய்யை உறிஞ்சும், அப்புறம் அதைத் துணிமணிக்குக் கொடுக்கும். எங்கள் அத்தை ஒருமுறை கல்யாணப் பட்டுப்புடவைக்கு மேல் அல்வாப் பெட்டியை வைத்துக்கொண்டு போனார். அந்தப் புடவை இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது, கட்டத்தான் முடியவில்லை.

பேனா எதற்கென்றால், வாங்கிய ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயரையும் தேதியையும் எழுதுவதற்கு. வீட்டுக்குப் போனதும் நாலு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்கும்.

3. அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டியவை

பருத்திப்பால், ஜிகர்தண்டா, கறி தோசை, பன் பரோட்டா. இந்த நான்கும் ஊர் தாண்டாது. பார்சல் கேட்டால் கட்டித் தருவார்கள், அதனால் ஏமாந்துவிடாதீர்கள். கறி தோசையில் அடியில் கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே கறி. ஆறினால் முட்டை ரப்பராகிவிடும். ஜிகர்தண்டாவில் ஐஸ்கிரீம் உருகிவிட்டால் மிஞ்சுவது இனிப்புப் பால்தான்.

இவற்றுக்கும் நேரம் உண்டு. பருத்திப்பால் தள்ளுவண்டிகளில் காலையிலும் மாலையிலும் கிடைக்கும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியோ வெல்லமோ சுக்கு, ஏலக்காயோடு சேர்ந்திருக்கும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டுக் கடைவீதிக்குப் போனால் மதியம் வரை தாங்கும். அசைவ மெஸ்ஸுக்கு மதியம் ஒன்றரைக்குள் போய்விடுங்கள், தாமதமானால் நல்ல அயிட்டங்கள் தீர்ந்திருக்கும். ஜிகர்தண்டா வெயில் நேரத்துக்கு. விளக்குத்தூண் பக்கம் போனால் வழி கேட்கவே வேண்டியதில்லை. பரோட்டா சாயங்காலத்துக்கு மேல்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறு, நான்கையும் ஒரே நாளில் அடைப்பது. மறுநாள் வயிறு சரியில்லாமல் படுத்தால் கடைசி நாள் வாங்கல் மொத்தமும் போச்சு. ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

4. முதல் நாள் காலை, கீழமாசி வீதி: காய்ந்த சரக்கு

பழைய நகரத்தின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போகின்றன. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று உள்ளிருந்து வெளியே. இதை மனதில் வைத்துக்கொண்டால் வழி தப்பாது. கிழக்குப் பக்கத்து மாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்துக்கு. பத்து மணிக்கு மேல் லோடு வண்டிகளும் மூட்டை தூக்குபவர்களுமாக நெருக்கும். கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் கடைக்காரருக்கும் பேசப் பொறுமை இருக்கும். மூட்டைக் கணக்கில் மட்டும் விற்கும் கடைகளும் உண்டு. "சில்லறைக்குக் கிடைக்குமாண்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மிளகாய் வத்தல்

ராமநாதபுரம் முண்டு வத்தல் வாங்குங்கள். குண்டாக, தோல் தடித்து இருக்கும். குண்டு வத்தல் என்றாலும் கொடுப்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சாம்பார் தாளிப்புக்கும் மிளகாய்ப் பொடிக்கும் இதன் நிறமும் மணமும் நீள வத்தலில் வராது. காரத்துக்கென்றால் சம்பா வத்தலைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

பார்க்கும் முறை: ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். விதை கலகலவென்று சத்தம் போட்டால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சத்தம் வராமல், அழுத்தினால் தோல் போல மடங்கினால் ஈரம் இருக்கிறது. ஈர வத்தல் எடையும் கூடுதலாகக் காட்டும், பொட்டலத்துக்குள் பூஞ்சையும் பிடிக்கும். காம்பு இருக்கிறதா பாருங்கள். காம்பு போன வத்தலில் அந்த ஓட்டை வழியாகத்தான் பூச்சி போகும். வெளுத்துப்போனவை நிறைய கலந்திருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சாக்கின் மேல்பரப்பைப் பார்த்து வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்புறம் அன்றைக்கு முழுவதும் கண்ணைக் கசக்காதீர்கள், அவ்வளவுதான்.

கருப்பட்டி

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல சரக்கு தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் 2023இல்தான் புவிசார் குறியீடு வந்தது. பதநீர் இறங்குவது கோடைக் காலத்தில். அந்த மாதங்களில் கிடைப்பது புதுசு, மற்ற மாதங்களில் கிடைப்பது இருப்பில் இருந்தது. பழைய கருப்பட்டி கெட்டது என்று அர்த்தமில்லை. நன்றாகக் காய்ந்த பழைய கருப்பட்டியைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

கலப்படம் பெரும்பாலும் சீனி. ஒரு கருப்பட்டியை உடைக்கச் சொல்லுங்கள். உடைந்த முகம் மங்கலாக, ஒரே சீராக இல்லாமல் இருக்க வேண்டும். பொடிக் கண்ணாடி தூவினதுபோல மினுக்கினால் சீனி. ஒரு துணுக்கை வாயில் போட்டுக் கடிக்காமல் வைத்திருங்கள். நல்லது மெதுவாகக் கரையும், இனிப்போடு லேசான கரிப்பும் பனை மணமும் வரும். நறநறவென்று கரைந்து வெறும் தித்திப்பு மட்டும் நின்றால் வேண்டாம். உடைத்துக் காட்ட யோசிக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

வீட்டில் கரைத்ததும் அடியில் வெள்ளையாக வண்டல் தங்குவதைப் பார்த்துப் பயந்து போன் செய்தவர்கள் உண்டு. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அதன் மிச்சம்தான் அது. எப்போதும் கரைத்து, வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்பளம்

மதுரையில் அப்பளம் நிறையப் போடுகிறார்கள், புதுசாகவே கிடைக்கும். புது அப்பளம் லேசாக வளையும், உடையாது. இது பயணத்துக்கு வசதி. ஆனால் அந்த ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் பூசணம் பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். ஒரே அளவு அப்பளங்களை அடுக்கி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பையில் நிறுத்தி வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும்.

5. முதல் நாள் மாலை, நாட்டு மருந்துக் கடை: ஜிகர்தண்டாவைப் பிரித்து எடுத்துப்போவது

ஜிகர்தண்டாவைக் கட்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் அதற்கான பொருட்களைக் கொண்டுபோகலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வேண்டியது பாதாம் பிசின், நன்னாரி சர்பத். பாலும் ஐஸ்கிரீமும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

பாதாம் பிசின் தேன் நிறத்தில், கண்ணாடித் துண்டு போல இருக்க வேண்டும். மரப்பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டியது விலை குறைவு, கழுவவே ஒரு பொழுது ஆகும். 50 கிராம் வாங்கினால் போதும். கால் கிலோ கேட்டவர்களை நான் தடுத்திருக்கிறேன். இரண்டு டீஸ்பூன் பிசினை ராத்திரி ஊறவைத்தால் காலையில் ஒரு கிண்ணம் நிறைய ஜெல்லி போலப் பொங்கி நிற்கும். சின்னப் பாத்திரத்தில் ஊறவைத்தால் வழிந்து தரையில் கிடக்கும்.

நன்னாரி சர்பத் பாட்டிலில் வருவதால் ஒழுகும். மூடியைத் திறந்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, மறுபடி திருகுங்கள். மூடிக்கு மேலேயும் ஒரு பையைக் கட்டிவிடுங்கள். சிரமமாக இருந்தால் நன்னாரி வேரே வாங்கிக்கொள்ளலாம். ஒழுகாது, கெடாது, வெந்நீரில் ஊறவைத்து நீங்களே பாகு காய்ச்சிக்கொள்ளலாம். முகர்ந்து பார்த்து வாங்குங்கள், மணமில்லாத வேர் வெறும் விறகு.

பருத்திப்பால் ருசி பிடித்துப்போய்ப் பருத்திக்கொட்டை தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையலுக்கென்று விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். விதைக் கடையில் விதைப்புக்கு விற்பதில் பூச்சிமருந்து கலந்திருக்கும். அதை வாயில் வைக்கவே கூடாது.

6. இரண்டாம் நாள்: மலை வாழைப்பழம்

சிறுமலைப் பழம் கிடைத்தால் ஒரு சீப்பு வாங்குங்கள். திண்டுக்கல் பக்கத்து மலையில் விளைவது. 2008இலேயே விருப்பாச்சிப் பழத்தோடு சேர்ந்து புவிசார் குறியீடு பெற்றது. சின்னதாக, கெட்டியாக இருக்கும், நீர்ச்சத்து குறைவு. அதனால் மற்ற வாழைப்பழம் போலச் சட்டென்று அழுகாது. வாங்குவது காய்ப்பருவத்தில் இருக்கட்டும். தோல் கறுத்துச் சுருங்கினதும் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், அப்போதுதான் ருசியே.

பையின் அடியில் வைக்காதீர்கள். மல்லிகைப் பூவையும் பழத்தையும் ஒரே பையில் போடாதீர்கள். பழுக்கும் பழத்தோடு கிடந்தால் பூ சீக்கிரம் வாடிவிடும்.

நேரம் இருந்தால் அழகர்கோவில் போய்வாருங்கள். அங்கே பிரசாதமாகக் கொடுக்கும் தோசை தோல் உளுந்தும் மிளகும் சுக்கும் போட்டு, கனமாக நெய்யில் சுட்டது. நம் வீட்டுத் தோசையை மனதில் வைத்துக்கொண்டு போனால் திகைப்பீர்கள். பயணத்துக்கு என்றே செய்ததுபோல நன்றாகத் தாங்கும்.

7. கிளம்பும் முன் மூன்று மணி நேரம்: இனிப்பும் காரமும்

இப்போதுதான் அல்வா. இப்போதுதான் பால்கோவா.

முதலில் தேதி. சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எதுவரை சாப்பிடலாம் என்ற தேதியைக் கடையில் எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் உள்ள விதி. தட்டின் முன்னால் அந்த அட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் "இன்னைக்குப் போட்டதா, நேத்துப் போட்டதா?" என்று கேளுங்கள். பாக்கெட்டில் அடைத்து வருவதில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும்.

கோதுமை அல்வா: சூடாகத் தருகிறார்களே என்று அப்படியே பெட்டியில் அடைத்து மூடாதீர்கள். ஆவி மூடியில் நீராகி மேலே சொட்டும், அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை வரும். வாழையிலையில் ஒரு கை வாங்கி அங்கேயே சூடாகச் சாப்பிடுங்கள். கொண்டுபோவதற்கு ஆறினதைக் கேளுங்கள். விரலால் அழுத்தினால் நெய் கசிய வேண்டும், அல்வா விரலில் ஒட்டக் கூடாது.

பால்கோவா: ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் அங்கேயே வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சீனியும் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. மதுரையில் வாங்கினால் எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள். தளதளவென்று ஈரமாக இருப்பது ருசி, ஆனால் சீக்கிரம் புளிக்கும். தூரப் பயணத்துக்குச் சுண்டக் காய்ச்சிய, கொஞ்சம் கெட்டியானதை வாங்குங்கள்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு அவசரமில்லை, ஒரு நாள் முன்னதாகக்கூட வாங்கலாம். இது 2020இல் குறியீடு பெற்றது. உடைத்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். நெகிழ்ந்தால் காற்றுப்பட்டு நமத்துவிட்டது. கடலை காறலாக இருக்கிறதா என்று ஒன்றைத் தின்று பார்க்காமல் கிலோக் கணக்கில் வாங்காதீர்கள்.

காரத்தில் சாத்தூர் சேவு, மணப்பாறை முறுக்கு. இரண்டிலும் பார்க்க வேண்டியது எண்ணெய் வாடை. தின்ற பிறகு தொண்டையில் சிக்கு வாடை நின்றால் பழைய எண்ணெய். முறுக்கு நொறுங்கும், சேவு நொறுங்கினாலும் பரவாயில்லை. தூரம் போகிறவர்களுக்கு நான் சேவுதான் சொல்வேன்.

அளவு: எல்லாவற்றிலும் ஒவ்வொரு கிலோ என்பது பழக்கமாகிவிட்டது. வேண்டாம். அல்வாவும் பால்கோவாவும் அரை அரைக் கிலோ போதும், சேவு ஒரு கிலோ. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கடலைமிட்டாய் பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். அது எத்தனை நாள் கழித்துக் கொடுத்தாலும் மானத்தை வாங்காது.

பெயர்ப் பலகையை நம்பிப் போகாதீர்கள். நல்ல கடை ஒன்று இருந்தால் அதே பெயரோடு முன்னால் ஒரு 'ஒரிஜினல்' சேர்த்து இன்னும் நாலு இருக்கும். எந்தக் கடையில் தட்டு சீக்கிரம் காலியாகிறது என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கே பழசு தங்க வழியில்லை.

8. கட்டும் முறை

காய்ந்த சரக்கு ஒரு பை, இனிப்பும் காரமும் இன்னொரு பை. வத்தலும் பால்கோவாவும் ஒரே பையில் போனால் காலையில் பால்கோவா வத்தல் மணக்கும். பாலில் செய்தது எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகையோடு வைத்தாலும் இதே கதிதான்.

கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் தந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். வேட்டித் துணியைச் சுற்றிவிட்டால் எறும்புக்கும் ஓரளவு தடுப்பு.

ரயிலில் இனிப்புப் பையை சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள், எலி வரும். பக்கத்தில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். காரில் என்றால் டிக்கியில் வேண்டாம், அங்கே சூடு அதிகம். கால் வைக்கும் இடத்தில், ஏசி படும்படி வையுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் வத்தல், பொடி, ஊறுகாய், சர்பத் எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். கையில் வைத்துக்கொண்டால் சோதனையில் வாதாட வேண்டியிருக்கும். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் உள்ள திரவப் பாட்டில் போகாது. இறங்கும் நாட்டில் பால், விதை, பழம் எதற்கெல்லாம் தடை என்று டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உணவுப்பொருளைச் சொல்லாமல் மறைத்தால் அபராதம் உண்டு. மலைப்பழத்தை எடுத்துப்போக நினைக்கவே வேண்டாம்.

9. வீடு சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

குளிக்கும் முன்பே பையைத் திறங்கள். களைப்பில் அப்படியே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள்தான் மறுநாள் "மதுரை அல்வா நல்லாவே இல்ல" என்கிறார்கள்.

பால்கோவா ஃப்ரிட்ஜுக்கு. அல்வா வெளியிலேயே, ஈரமில்லாத டப்பாவில். ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து ரப்பர் போலாகும். தப்பித் தவறி வைத்துவிட்டால் வாணலியில் லேசாகச் சூடு காட்டுங்கள், திரும்பி வரும். எதிலும் ஈர ஸ்பூன் போடாதீர்கள். சேவும் கடலைமிட்டாயும் இறுக மூடும் டப்பாவுக்கு. வத்தலை மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் போட்டுவிட்டு அடையுங்கள்.

சாப்பிடும் வரிசை: முதலில் பால்கோவா, அடுத்து அல்வா, அப்புறம் முறுக்கு, சேவு. கடலைமிட்டாய் கடைசி.

பாதாம் பிசினை அன்று ராத்திரியே ஊறப்போடுங்கள், பெரிய பாத்திரத்தில். ஒரு லிட்டர் பாலைச் சிறு தீயில் பாதியாகச் சுண்டவைத்துக் குளிரவிடுங்கள். மறுநாள் டம்ளரில் இரண்டு கரண்டி பிசின், ஒரு கரண்டி நன்னாரி, பால், மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். விளக்குத்தூண் அளவுக்கு வராது. ஆனால் கலக்காமல் குடிக்கச் சொல்லிக் கொடுங்கள், அடியில் இருக்கும் பிசின் கடைசி வாய்க்குத்தான் வர வேண்டும்.